மாட் ஜேகே ஆவணங்களைப் புதுப்பிக்க வருபவர்களுக்கு: பில்ட் முதல் பேட்ச் வரை

அப்பாச்சி வெப் சர்வரையும், ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட்டையும் இணைக்கும் மாட்யூலான மாட் ஜேகே (mod_jk) பற்றிய பழைய வழிகாட்டி ஒன்றை எடுத்து, இன்றைய டாம்கேட்டில் வரி பிசகாமல் செய்து பாருங்கள். பில்ட் முடியும், மாட்யூல் ஏறும், வெப் சர்வரும் தொடங்கும். ஆனால் பிரவுசரில் 503 (சேவை கிடைக்கவில்லை என்ற பிழை) வரும். புதிதாக வந்தவர் தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று ஒரு நாள் முழுக்கத் தேடுவார். தவறு அவருடையதல்ல, ஆவணத்துடையது. அந்த ஆவணத்தைச் சரிசெய்ய முன்வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தின் உள்குறிப்பைத் திருத்தினாலும், திட்டத்தின் அதிகாரபூர்வ ஆவணத்தைத் திருத்தினாலும் வேலை ஒன்றுதான்.

ஒரே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: நீங்களே ஓட்டிப் பார்க்காத எந்தக் கட்டளையையும், எந்த அமைப்பு வரியையும் ஆவணத்தில் விட்டுவைக்காதீர்கள். நடையைச் செப்பனிடுவதும் எழுத்துப் பிழை திருத்துவதும் பிறகு வரட்டும்.

## 1. எந்தப் பதிப்புகளுக்கு எழுதுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்

மூன்று பதிப்பு எண்கள் வேண்டும்: மாட் ஜேகே, அப்பாச்சி வெப் சர்வர், டாம்கேட். இந்த மூன்றும் இல்லாத ஆவணம் சில ஆண்டுகளில் யாருக்கும் பயன்படாமல் போகும்.

மாட் ஜேகேயில் 1.2.50க்குக் கீழே எதையும் பரிந்துரைக்காதீர்கள். 1.2.46க்கு முந்தைய பதிப்புகளில், மவுண்ட் விதிகளை (எந்தப் பாதைக்கான கோரிக்கை டாம்கேட்டுக்குப் போகும் என்று சொல்பவை) சுற்றிப்போக வழிவிடும் பாதைக் குறைபாடு இருந்தது (சிவிஇ-2018-11759; சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான பொது அடையாள எண்). 1.2.48 வரை, வெளிப்படையாக மவுண்ட் செய்யாத சில கோரிக்கைகள் வொர்க்கர் பட்டியலின் (வொர்க்கர் என்பது பொதுவாகக் கோரிக்கையை வாங்கும் ஒரு டாம்கேட்டைக் குறிக்கும்) முதல் வொர்க்கருக்குத் தானாகவே போயின (சிவிஇ-2023-41081). 1.2.49 வரை யுனிக்ஸ் வகைக் கணினிகளில், பகிர்நினைவுக் கோப்பை உள்ளூர்ப் பயனர் எவரும் படிக்கவும் மாற்றவும் முடிந்தது (சிவிஇ-2024-46544). இவற்றில் இரண்டாவது ஆவணத்தையே பாதிக்கிறது. ஏன் என்று 6ஆம் படியில் வருகிறது.

வெப் சர்வர் 2.4 என்று எழுதினால் போதும். 2.4க்குள் எந்தத் துணைப்பதிப்பிலும் அதே மாட்யூல் ஏறும். 2.2க்குக் கம்பைல் செய்தது 2.4இல் ஏறாது.

## 2. சுத்தமான கணினி ஒன்றில் தொடங்குங்கள்

ஏற்கெனவே நிரல் எழுதப் பயன்படும் கணினியில் சோதித்தால், என்னென்ன பொதிகள் தேவை என்பது தெரியவே வராது. எல்லாம் முன்பே நிறுவப்பட்டிருக்கும். கன்டெய்னரோ புதிய மெய்நிகர் கணினியோ போதும். செலவு எதுவும் இல்லை. எல்லாம் இலவச மென்பொருள்தான்.

தேவைப்படுபவை: ஜிசிசி (கம்பைலர்), மேக் (கட்டும் கருவி), பெர்ல், வெப் சர்வரின் டெவலப்மென்ட் பொதி. இந்தக் கடைசிப் பொதிக்கு ரெட்ஹாட் குடும்பத்தில் ஹெச்டிடிபிடி-டெவல் என்று பெயர், டெபியன் குடும்பத்தில் அப்பாச்சி2-டெவ். பெர்ல் எதற்கு என்று கேட்பார்கள். மாட்யூல் கட்ட உதவும் ஏபிஎக்ஸ்எஸ் ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட். பெர்ல் இல்லையென்றால், கட்டுவதற்கு முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

கிட் களஞ்சியத்திலிருந்து எடுத்த மூலநிரல் என்றால் ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் மூன்றும் கூடுதலாக வேண்டும். வெளியீட்டுத் தொகுப்பிலிருந்து எடுத்தால் வேண்டாம். பல ஆவணங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன. தனித்தனிப் பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்.

ரெட்ஹாட் குடும்பத்தில் ஒரு பொறி உண்டு. கன்ஃபிகர் அல்லது மேக் ஓடும்போது, ரெட்ஹாட் ஹார்டன்டு என்ற பெயரில் ஏதோ ஸ்பெக்ஸ் கோப்பைக் காணவில்லை என்று ஜிசிசி திட்டும். வெப் சர்வரைக் கட்டியபோது கொடுத்த கம்பைலர் விருப்பங்களை ஏபிஎக்ஸ்எஸ் அப்படியே நம்மிடம் தருவதால் வரும் பிழை இது. ரெட்ஹாட்-ஆர்பிஎம்-கன்ஃபிக் பொதியை நிறுவினால் தீரும். பொதிப் பட்டியலில் இதையும் சேர்த்து, காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து வருபவர் தேவையற்ற பொதி என்று நீக்கிவிடுவார்.

## 3. பில்ட் படிகளைக் கட்டளைக்குக் கட்டளை சரிபாருங்கள்

மூலநிரலைத் தரவிறக்கியதும் எஸ்ஹெச்ஏ-512 கூட்டுத்தொகையையும் பிஜிபி கையொப்பத்தையும் சரிபார்க்கும் படி முதலில் வரட்டும். பழைய ஆவணங்களில் எம்டி5 என்றிருந்தால் நீக்கிவிடுங்கள்.

பிறகு வரிசை இது:

1. நேட்டிவ் அடைவுக்குள் செல்லுங்கள். மேல் அடைவில் நின்றபடி கன்ஃபிகரைத் தேடுவது பலருக்கும் நேரும் சிக்கல்.
2. கிட் மூலநிரல் என்றால் மட்டும் பில்ட்கான்ஃப் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். லிப்டூலைஸ் இல்லை என்று வந்தால் லிப்டூல் பொதி விட்டுப்போயிருக்கிறது.
3. கன்ஃபிகரை ஓட்டும்போது வித்-ஏபிஎக்ஸ்எஸ் விருப்பத்தில் ஏபிஎக்ஸ்எஸ்ஸின் முழுப் பாதையையும் கொடுங்கள்.
4. மேக் ஓட்டுங்கள். சாதாரணக் கணினியிலேயே சில நிமிடங்களுக்குள் முடியும்.
5. மேக் இன்ஸ்டால் மட்டும் நிர்வாகி உரிமையுடன். முந்தைய படிகளுக்கு அந்த உரிமை தேவையில்லை என்பதையும் எழுதுங்கள்.

மூன்றாவது படியில்தான் அதிகம் வழுக்குகிறது. ஏபிஎக்ஸ்எஸ் இருக்கும் இடம் கணினிக்குக் கணினி மாறும். ஒரே கணினியில் பொதியாக வந்த வெப் சர்வரும், மூலநிரலிலிருந்து கட்டிய வெப் சர்வரும் இரண்டும் இருந்தால், எந்த ஏபிஎக்ஸ்எஸ்ஸைக் கொடுக்கிறோமோ அந்தச் சர்வருக்குத்தான் மாட்யூல் போய்ச் சேரும். ஆவணத்தில் ஒரு பாதையை மட்டும் எழுதாமல், முதலில் விச் கட்டளையால் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஏபிஎக்ஸ்எஸ்ஸை மாற்றி மறுபடி கட்டும்போது, இடையில் மேக் க்ளீன் ஓட்ட வேண்டும் என்பதையும் சேருங்கள். பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் மிச்சமிருந்தால் புரியாத பிழைகள் வரும்.

டெபியனில் மாட் ஜேகே பொதியாகவும் கிடைக்கிறது. பொதியையும் நிறுவி மூலநிரலையும் கட்டினால் எந்த மாட்யூல் ஏறியது என்ற சந்தேகம் கடைசிவரை தீராது. "பொதியை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்" என்ற ஒரு வரி நிறைய நேரத்தைக் காப்பாற்றும்.

## 4. செத்துப்போன விருப்பங்களைக் களையுங்கள்

கன்ஃபிகர் விருப்பப் பட்டியலில் எனேபிள்-இஏபிஐ இருக்கிறதா? அது அப்பாச்சி 1.3 காலத்துச் சரக்கு. அதையும் 1.3 பற்றிய பத்திகளையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். "யாருக்காவது தேவைப்படலாம்" என்று விட்டுவைப்பதால்தான் புதியவர்கள் திசை தெரியாமல் நிற்கிறார்கள்.

எனேபிள்-ப்ரீஃபோர்க் இருக்கட்டும், ஆனால் விளக்கத்தோடு. அது மாட்யூலை நூலிழை (த்ரெட்) ஆதரவு இல்லாமல் கட்டும். இன்று பெரும்பாலான நிறுவல்களில், பல நூலிழைகளால் கோரிக்கைகளைக் கையாளும் ஈவென்ட் எம்பிஎம்தான் ஓடுகிறது. அங்கே இந்த விருப்பத்தைக் கொடுக்கவே கூடாது.

## 5. டாம்கேட் பக்கம்: 503 பிறக்கும் இடம்

ஆவணத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். 2020 பிப்ரவரியில் வெளிப்பட்ட கோஸ்ட்கேட் குறைபாட்டுக்குப் (சிவிஇ-2020-1938) பிறகு டாம்கேட்டின் ஏஜேபி கனெக்டரின் (ஏஜேபி என்பது மாட் ஜேகே டாம்கேட்டுடன் பேசும் நெறிமுறை) இயல்பு நடத்தையே மாறிவிட்டது. 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளிலிருந்து நான்கு மாற்றங்கள்:

- சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஏஜேபி கனெக்டர் கமென்ட் குறிக்குள் போய்விட்டது. எதுவும் செய்யாமல் ஏஜேபியின் போர்ட்டான 8009 திறந்திருக்காது.
- அட்ரஸ் குறிப்பிடாவிட்டால் லூப்பேக் (அதே கணினிக்குள் மட்டும் எட்டும்) முகவரியில் மட்டுமே கேட்கும்.
- சீக்ரெட்-ரிக்வயர்டு என்ற பண்பு இயல்பாகவே ட்ரூ. சீக்ரெட் (இரு பக்கமும் பகிரும் கடவுச்சொல்) கொடுக்காவிட்டால் கனெக்டர் தொடங்காது.
- ரிக்வயர்டு-சீக்ரெட் என்ற பழைய பண்பின் பெயர் சீக்ரெட் என்று மாறியது.

இதில் கொடுமை என்னவென்றால், ஏஜேபி கனெக்டர் தொடங்காவிட்டாலும், பிரவுசர் நேரடியாகப் பேசும் 8080 கனெக்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். டாம்கேட் சரியாக இருக்கிறது என்று நம்பி எல்லோரும் வெப் சர்வர் பக்கமே தேடுவார்கள். "டாம்கேட்டைத் தொடங்கியதும் கேட்டலினா பதிவில் ஏஜேபி என்று தேடுங்கள், 8009 திறந்திருக்கிறதா என்று பாருங்கள்" என்பதை வெப் சர்வர் படிகளுக்கு முன்பே வையுங்கள்.

கமென்ட்டை மட்டும் நீக்கினால் போதும் என்று எழுதிவிடாதீர்கள். அங்கே இருக்கும் மாதிரி வரியில் சீக்ரெட் கிடையாது. முகவரியும் ஐபிவி6 லூப்பேக். மாட் ஜேகேயோ லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரை இயல்பாக ஐபிவி4 முகவரியாக எடுத்துக்கொள்ளும். சீக்ரெட்டைச் சேர்த்த பிறகும் இணைப்பு மறுக்கப்படுவது இதனால்தான். டாம்கேட்டில் அட்ரஸ் 127.0.0.1, வொர்க்கரில் ஹோஸ்ட் 127.0.0.1 என்று இரண்டு பக்கமும் எண்ணாகவே எழுதுங்கள்.

சீக்ரெட்-ரிக்வயர்டை ஃபால்ஸ் ஆக்கினால் உடனே வேலை செய்யும் என்ற ஆலோசனை எங்கும் கிடைக்கும். ஆவணத்தில் அதை ஏற்றாதீர்கள். வேலை செய்துவிட்டால் யாரும் திரும்பி வந்து திருத்த மாட்டார்கள். அதோடு, ஏஜேபியில் குறியாக்கம் கிடையாது. சீக்ரெட்டும் அப்படியேதான் கம்பியில் போகும். இரண்டு கணினிகளுக்கிடையே பயன்படுத்துவதானால் நம்பகமான உள் வலையமைப்பும் ஃபயர்வால் விதியும் கட்டாயம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

## 6. வொர்க்கர்ஸ்.ப்ராப்பர்ட்டீஸ்

வொர்க்கர்களை மாட் ஜேகேக்கு அறிவிக்கும் கோப்பு இது. வேலை செய்யும் மிகச் சிறிய கோப்பு ஆறு வரிதான்: வொர்க்கர் பட்டியல், பிறகு அந்த வொர்க்கரின் டைப் (ஏஜேபி13), ஹோஸ்ட், போர்ட் (8009), சீக்ரெட், பிங்-மோட் (எல்லா நிலைகளிலும் இணைப்பைச் சோதிக்க A, பெரிய எழுத்தில்). முதல் உதாரணமாக இதையே கொடுங்கள். சுமை பகிர்வு, ரூட் எல்லாம் அடுத்த பகுதியில் வரட்டும். முதல் உதாரணமே நாற்பது வரி இருந்தால் எதை மாற்றுவது என்று யாருக்கும் தெரியாது.

பழைய பெயர்களை மாற்றுங்கள். கேஷ்சைஸ் இப்போது கனெக்ஷன்-பூல்-சைஸ்; பேலன்ஸ்டு-வொர்க்கர்ஸ் என்பது பேலன்ஸ்-வொர்க்கர்ஸ்; டிசேபிள்டு, ஸ்டாப்டு இரண்டுக்கும் பதிலாக ஆக்டிவேஷன். எது பழையது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆவணத்திலுள்ள உதாரணத்தை அப்படியே போட்டுச் சர்வரைத் தொடங்கினால், கைவிடப்பட்ட பண்பு எது, ஆதரிக்கப்படாத பண்பு எது என்று ஜேகே பதிவுக் கோப்பே எச்சரிக்கும். பதிவில் ஓர் எச்சரிக்கைகூட வராதவரை உதாரணம் முடியவில்லை என்று கொள்ளுங்கள்.

இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டிய அளவுகளை அருகருகே எழுதுங்கள். தனித்தனிப் பக்கங்களில் இருப்பதால்தான் தவறு நடக்கிறது. மாட் ஜேகேயின் கனெக்ஷன்-பூல்-டைம்அவுட் நொடிகளில், டாம்கேட்டின் கனெக்ஷன்-டைம்அவுட் மில்லிநொடிகளில். ஒரு பக்கம் 600 என்றால் மறுபக்கம் 600000. மாறாக 600 என்றே இரண்டிலும் எழுதினால், ஒரு நொடிகூட ஆகாமல் டாம்கேட் இணைப்புகளை மூடிக்கொண்டே இருக்கும். அதேபோல் மேக்ஸ்-பாக்கெட்-சைஸும் டாம்கேட்டின் பாக்கெட்-சைஸும் சமமாக இருக்க வேண்டும். இயல்பு 8192, உச்சம் 65536. பெரிய குக்கியோ கெர்பராஸ் டோக்கனோ வரும் இடங்களில் இயல்பு அளவு போதாமல் கோரிக்கை முறியும்.

இணைப்பு எண்ணிக்கையையும் ஒரு பத்தியில் கணக்குப்போட்டுக் காட்டுங்கள். ஈவென்ட் எம்பிஎம்மின் இயல்பு அமைப்பில் 16 செயல்முறைகள், ஒவ்வொன்றிலும் 25 நூலிழைகள். ஆக 400 இணைப்புகள் வரை எழலாம். டாம்கேட்டின் மேக்ஸ்-த்ரெட்ஸ் இயல்பாக 200. பழைய ஆவணங்கள், ஓய்வில் இருக்கும் ஒவ்வோர் இணைப்பும் ஒரு நூலிழையைப் பிடித்துவைக்கும் என்று பயமுறுத்தும். டாம்கேட் 8.5இல் அந்தப் பழைய பிஐஓ கனெக்டர் நீக்கப்பட்டுவிட்டதால் அந்த எச்சரிக்கை இப்போது பொருந்தாது. ஆனால் 400 கோரிக்கைகளும் ஒரே சமயத்தில் டாம்கேட்டுக்குப் போகும் தளத்தில் 200 போதாது என்பது இன்றும் உண்மை.

வொர்க்கர் பட்டியலில் நேரடியாக மவுண்ட் செய்பவை மட்டுமே இருக்கட்டும். பழைய உதாரணங்கள் ஸ்டேட்டஸ் வொர்க்கர் (மாட் ஜேகேயின் நிலையைக் காட்டும் பக்கத்தைத் தருவது) உட்பட எல்லாவற்றையும் அடுக்கியிருக்கும். 1.2.48 வரை இருந்த தானியங்கி மவுண்டில், பட்டியலின் தலையில் ஸ்டேட்டஸ் இருந்தால் அது வெளியாருக்குத் தெரிந்துவிடும். 1.2.49இல் அந்தத் தானியங்கி வழி நீக்கப்பட்டது. அதை நம்பி எழுதிய உதாரணங்கள் இப்போது வேலையே செய்யாது. ஒவ்வொரு பாதைக்கும் ஜேகேமவுண்ட் வரி எழுதுங்கள்.

## 7. வெப் சர்வர் அமைப்பு

லோட்-மாட்யூல், ஜேகே-வொர்க்கர்ஸ்-ஃபைல், ஜேகே-லாக்-ஃபைல், ஜேகே-ஷெம்-ஃபைல், ஜேகே-லாக்-லெவல். இந்த வரிசை போதும். பதிவு நிலையை இன்ஃபோவில் வையுங்கள். டீபக்கில் வைத்த உதாரணத்தை உற்பத்திச் சர்வருக்கு அப்படியே நகலெடுப்பார்கள், வட்டு நிறையும். ஷெம் கோப்பு (பகிர்நினைவுக் கோப்பு) உள்ளூர் வட்டில்தான் இருக்க வேண்டும், வலையமைப்பு வட்டான என்எஃப்எஸ்ஸில் கூடாது.

மவுண்ட் பகுதியில் இரண்டு இடங்களில் எல்லோரும் விழுகிறார்கள். ஒன்று, மெய்நிகர் ஹோஸ்ட்: வெளியே எழுதிய ஜேகேமவுண்ட் உள்ளே தானாக வராது. ஹோஸ்டுக்குள் எழுதச் சொல்லுங்கள், அல்லது ஜேகே-மவுண்ட்-காப்பியை ஆன் செய்யச் சொல்லுங்கள். மற்றொன்று பாதை: செயலியின் பெயர், சாய்வுக்கோடு, நட்சத்திரம் என்று எழுதினால் சாய்வுக்கோடு இல்லாத வெறும் பெயர் அதில் அடங்காது. பெயருக்குப் பின் செங்குத்துக் கோடு போட்டு, அதன் பிறகு சாய்வுக்கோடும் நட்சத்திரமும் எழுதினால் இரண்டையும் ஒரே வரி பிடிக்கும்.

அனுமதி விதிகளில் ஆர்டர், டினை என்றிருந்தால் அது 2.2 காலத்தியது, ரிக்வயர் ஆக்குங்கள். ஸ்டேட்டஸ் பக்கத்துக்கு ரிக்வயர் லோக்கலும், வொர்க்கரில் ரீட்-ஒன்லி ட்ரூவும் சேர்த்தே உதாரணம் கொடுங்கள்.

## 8. ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்

இரண்டாவது சுத்தமான கணினியில், நினைவிலிருந்து எதையும் சேர்க்காமல், எழுதியதை மட்டும் செய்யுங்கள். முதலில் கன்ஃபிக்டெஸ்ட், பிறகு ஏறிய மாட்யூல்களின் பட்டியலில் ஜேகே-மாட்யூல் இருக்கிறதா, பிறகு ஜேகே பதிவில் பதிப்பு எண்ணுடன் தொடக்க வரி வந்ததா, கடைசியாகப் பிரவுசர்.

பிழை வந்தால் எங்கே பார்ப்பது என்ற பகுதியை ஆவணத்தில் கட்டாயம் வையுங்கள். படிப்பவர் முதலில் தேடி வருவதே இதற்குத்தான்:

- 503, பதிவில் எர்நோ 111: லினக்ஸில் இணைப்பு மறுக்கப்பட்டது என்று பொருள். டாம்கேட் அந்த முகவரியில் கேட்கவில்லை. 5ஆம் படிக்குத் திரும்புங்கள்.
- 503, எர்நோ 13: அனுமதி இல்லை. பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் கட்டுப்பாடு), 8009 தவிர வேறு போர்ட் வைத்தால் அடிக்கடி வரும். எஸ்இலினக்ஸை அணைக்கச் சொல்லாமல், போர்ட்டை அனுமதிக்கும் வழியை எழுதுங்கள்.
- 403: இரு பக்கச் சீக்ரெட்டும் ஒன்றல்ல, அல்லது கூடுதல் கோரிக்கைப் பண்புகளை ஜேகே-என்வ்-வார் வழியே அனுப்புகிறீர்கள். இரண்டாவதற்கு டாம்கேட்டின் அலவ்டு-ரிக்வெஸ்ட்-ஆட்ரிப்யூட்ஸ்-பேட்டர்ன் பண்பில் இடம் கொடுக்க வேண்டும்.
- 404, அதுவும் வெப் சர்வரின் சொந்தப் பக்கமாக வந்தால்: மவுண்ட் பொருந்தவில்லை. 7ஆம் படி.

## 9. எக்ஸ்எம்எல் மூலத்தில் திருத்துங்கள்

அதிகாரபூர்வ ஆவணம் எக்ஸ்டாக்ஸ் அடைவில் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கிறது. ஹெச்டிஎம்எல் அதிலிருந்து உருவாவது. அதைத் திருத்தி அனுப்பினால் யாரும் ஏற்க முடியாது. பில்ட் படிகள் வெப்சர்வர்-ஹவ்டு அடைவிலும், பண்புகளின் முழு விவரம் ரெஃபரன்ஸ் அடைவிலும், தொடக்க வழிகாட்டிகள் காமன்-ஹவ்டு அடைவிலும் உள்ளன. ஒரு பண்பின் பெயர் மூன்றிலும் வரும். ஒன்றில் மட்டும் மாற்றினால் முரண்பாடுதான் மிஞ்சும்; முழு அடைவிலும் கிரெப் கட்டளையால் தேடிப் பாருங்கள். கான்ஃப் அடைவிலுள்ள மாதிரிக் கோப்புகளையும் விடாதீர்கள், மக்கள் அவற்றைத்தான் நகலெடுக்கிறார்கள்.

கனெக்டர் உதாரணம் போன்ற கோண அடைப்புக்குறிகளை எக்ஸ்எம்எல்லில் மறைகுறியாக (< > என்று) எழுத வேண்டும். மறந்தால் அது உதாரணமாக அல்லாமல் டேக் ஆகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, பக்கத்தில் காணாமல் போகும். ஜேடிகேயும் (ஜாவா உருவாக்கக் கருவிகள்) ஆண்ட்டும் (பில்ட் கருவி) நிறுவி ஒருமுறை உருவாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஐஐஎஸ் (மைக்ரோசாஃப்ட்டின் வெப் சர்வர்) பக்கங்களைத் தொட விண்டோஸ் சர்வர் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவற்றை விட்டுவிடுங்கள்.

## 10. அனுப்புதல்: தாள்கள், செலவு, காலம்

கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்டாகவோ, அப்பாச்சியின் பக்ஸில்லாவில் பேட்ச்சாகவோ அனுப்பலாம். கட்டணம் எதுவும் இல்லை. சிறு திருத்தங்களுக்குக் கையெழுத்திட்ட தாள் கேட்க மாட்டார்கள். பெரிய பகுதியை நீங்களே புதிதாக எழுதினால் ஐசிஎல்ஏ என்ற பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம் தேவைப்படலாம். அலுவலக நேரத்தில் எழுதியது என்றால், நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வேறு தளத்திலிருந்து பத்தியை எடுத்து ஒட்டாதீர்கள். அப்பாச்சி உரிமம் 2.0இன் கீழ் தரும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும்.

ஒரு பேட்ச்சில் ஒரு விஷயம். சீக்ரெட் பற்றிய திருத்தமும் எழுத்துப் பிழைத் திருத்தமும் ஒரே பேட்ச்சில் இருந்தால், பார்ப்பவருக்கு எது முக்கியம் என்று தெரியாது. எந்தப் பதிப்புகளில் சோதித்தீர்கள், முன்பு என்ன பிழை வந்தது, இப்போது என்ன வருகிறது: இந்த மூன்றும் விளக்கத்தில் இருந்தால் கேள்விகள் குறையும். சேஞ்ச்லாக் எக்ஸ்எம்எல் கோப்பிலும் ஒரு வரி சேருங்கள்.

சோதிக்க ஒரு முழு நாளும், எழுத அரை நாளும் ஒதுக்குங்கள். பரிசீலிப்பவர்கள் தன்னார்வலர்கள், இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் அதே இழையில் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். வெளியீடுகள் அடிக்கடி வருவதில்லை. 1.2.49 வந்தது 2023இல், 1.2.50 வந்தது 2024இல். உங்கள் திருத்தம் களஞ்சியத்தில் சேர்ந்த பிறகும், அது தளத்தில் தெரிய அடுத்த வெளியீடு வரை ஆகலாம். அதுவரை உங்கள் குழுவுக்கு வேண்டுமானால், ஆண்ட் உருவாக்கிய ஹெச்டிஎம்எல்லை உள் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் பதிப்பு எண்கள் மூன்றையும் சோதித்த தேதியையும் எழுதிவிடுங்கள்.